மான் பார்க்கப் போன அற்புதம்மாள்

என் பெரியம்மா அற்புதம்மாளுக்கு வயிற்றெரிச்சலை மறைக்கத் தெரியாது. முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். வரதராசன்பேட்டையில் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு அவள்தான் மூத்த மருமகள். முந்திரிக் கொல்லை வேலையிலிருந்து குழம்புக்கு உப்பு வரை அவள் சொன்னதுதான் சட்டம். அப்படிப்பட்டவளை முந்திக்கொண்டு, இளைய மருமகளான என் அம்மா லீலா மேரி 1946இல் வேளாங்கண்ணித் திருவிழா முடிந்த கையோடு கோடிக்கரைக் காட்டுக்குப் போய் வெளிமான் பார்த்துவிட்டு வந்தாள்.

அதோடு போனது பெரியம்மாவின் நிம்மதி. கோயிலிலும் கிணற்றடியிலும் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு மான் கதை கேட்டார்கள். பெரியம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நாலு காலுள்ளத எதையோ பாத்துட்டு வந்து என்னா ஆட்டம் ஆடுறா!" என்று ஒரு வருஷம் பொருமித் தீர்த்தாள்.

மறுவருஷம் பெரியப்பாவை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெரியப்பா சவரியார் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், வாயில்லாப் பூச்சி. வேளாங்கண்ணியில் எல்லோரும் மாதாவிடம் பிள்ளை வரம் கேட்டார்கள், மழை கேட்டார்கள். இவள் மான் கேட்டாள். அதுவும் லீலா பார்த்ததைவிடப் பெரிய மானாக.

திருத்துறைப்பூண்டியில் ரயிலேறிக் கோடிக்கரையில் இறங்கினார்கள். காட்டுக் காவலர் முருகையன் விடியற்காலையில் முன்னே நடந்தார். காலடியில் கடல் மணல், இரண்டு பக்கமும் பாலை மரமும் முள்ளும். மாதாவுக்கு வேண்டிக்கொண்ட நேர்ச்சை என்பதால் இருவர் காலிலும் செருப்பில்லை.

"சத்தம் காட்டாம வாங்கம்மா. மானுக்குக் காது கூர்மை" என்றார் முருகையன்.

"செபம் சொல்லாம காட்டுக்குள்ள எப்புடிங்க நடக்குறது?" என்றாள் பெரியம்மா.

எங்கள் பக்கத்தில் மாதா கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் வழிநெடுக உரக்கச் செபமாலை சொல்லிக்கொண்டே போவார்கள். முன்னால் போகிறவர் பாதி சொன்னால், பின்னால் வருகிறவர் மீதியைச் சொல்லி முடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை அவள் காட்டிலும் விடவில்லை. நடுவில் பெரியப்பாவின் குரல் நின்றுபோனது. முள் குத்தி எங்கோ உட்கார்ந்துவிட்டார். மனுஷன் செபத்துக்குச் சோம்புகிறார் என்று நினைத்து, மீதியையும் அவளே இன்னும் உரக்கச் சொன்னாள். முருகையன் தலையில் அடித்துக்கொண்டார். வெயில் ஏறும்வரை சுற்றியும் புழுக்கையைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை.

வழியெல்லாம் அழுதுகொண்டே ஊர் வந்தாள்.

வீட்டில் நுழைந்ததும் அம்மா கேட்டாள், "மானப் பாத்தீங்களாக்கா?"

பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா மெதுவாகச் சொன்னார், "நான் பாத்தேன். முள்ளப் புடுங்கிட்டு நிமிர்ந்தா எதிர்ல நிக்கிது. இவ மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

எங்கள் வீட்டில் தம்பி பெண்டாட்டி, புருஷனின் அண்ணனான மூத்தாரின் எதிரில் நிற்கக் கூடாது. பேச்சு என்றால் கதவுக்குப் பின்னாலிருந்துதான். வாக்கப்பட்டு வந்து எட்டு வருஷமாக அம்மா அப்படித்தான் இருந்தாள். அன்று முந்தானையைக்கூட இழுத்துவிடாமல் நேரே அவர் எதிரில் வந்து நின்றாள்.

"கொம்பு முறுக்கிக்கிட்டு இருந்துச்சுங்களா மாமா?"

"ஆமாம்மா, திருகாணி மாதிரி!"

"முதுகு கருகருன்னு..."

"வயிறு வெள்ள வெளேர்னு!"

வாயில்லாப் பூச்சி கையை விரித்து, குதித்துக் காட்டியது. அந்த மனிதர் அவ்வளவு பேசி, அவ்வளவு சிரித்து, பதினைந்து வருஷத்தில் பெரியம்மா பார்த்ததே இல்லை.

"போதும், சோறு ஆறுது!" என்று கத்தினாள்.

அடுப்பே பற்றவைக்கவில்லை. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.