திருவதிகைக்குப் போய் வந்த பக்குவம்

என் நாத்தனார் என்னைச் சாந்த சொரூபி என்று சொன்ன நாளில்தான் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் குரல் கொடுத்தால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கும். வீட்டிலும் என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. கல்யாணமான புதிதில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று விசாரித்திருக்கிறார். சாம்பாரில் உப்புக் குறைவு என்று என் கணவர் சொன்னதால் வந்த சண்டை அது. அவர் வங்கியில் காசாளர். நாள் முழுக்கக் கவுண்டரில் பேச்சு வாங்கிப் பழகியவர், எனக்குச் சரியான ஜோடி.

2007இல் எனக்கு முதல் தடவை அந்த நோய் வந்தது. இதனால்தான் வந்தது என்று எதையும் காட்ட முடியவில்லை. எல்லோருக்கும் எரிச்சல் அதில்தான். வேலை இருந்தது, சாப்பாடு இருந்தது, தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் புருஷன் இருந்தார். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த மனநல மருத்துவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மாத்திரை நன்றாகக் கேட்டது. கேட்டதும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். 2009 ஐப்பசியில், மழையோடு மழையாகத் திரும்ப வந்தது. அந்தத் தடவை இன்னும் மோசம். பல் தேய்க்கக்கூட எழுந்திருக்காமல் கிடந்துகொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறோம் என்று எங்கள் தெருவில் சொல்ல முடியுமா? மாதம் ஒரு தடவை திருவதிகைக் கோயிலுக்குப் போவதாகச் சொன்னோம். தீராத வயிற்றுவலியைத் தீர்த்த சாமி அது. ஆகவே எனக்கு வயிற்றுவலி. ஆனால் சாமி விஷயத்தில் பொய் சொல்ல என் கணவருக்குப் பயம். டாக்டரைப் பார்த்த கையோடு என்னைப் பண்ருட்டி பஸ்ஸில் ஏற்றி, நிஜமாகவே கோயிலுக்கும் இழுத்துக்கொண்டு போவார். பையில் மாத்திரையும் கையில் விபூதியுமாக வீடு திரும்புவோம்.

இப்படி ஒரு வருடம் ஓடியது. தூங்கினேன், சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன். கோபம் மட்டும் வரவில்லை. மீன்காரம்மா சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அவள் கூடையை விட்டுவிட்டு என் பின்னால் வந்தாள். "இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? நீ பேரம் பேசாம போனா எனக்கு ஒரு மாரி இருக்குது" என்று பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்குக் கோபம் வரவழைக்க என் கணவர் என்னென்னவோ செய்து பார்த்தார். ஈரத் துண்டைப் படுக்கையில் போட்டார். சொல்லாமல் கொள்ளாமல் நான்கு பேரைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தார். ஒரு நாள், என் சமையலைவிடத் தன் அக்கா சமையல்தான் ருசி என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "அப்படியா, சரி" என்றேன். பாவம், மனிதர் பயந்துபோனார்.

இந்த நேரத்தில்தான் ஒரு கல்யாண வீட்டில் நாத்தனார் பத்துப் பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். என் கணவரின் தங்கை, அடுத்த தெருவில் இருப்பவள்.

"எங்க அண்ணியப் பாருங்க. மாசாமாசம் திருவதிகைக்குப் போய்ட்டு வந்து எப்படிப் பக்குவமாயிட்டாங்க! முன்ன எல்லாம் அவுங்க வீட்டுக்குப் போகவே பயமா இருக்கும். இப்ப சாந்த சொரூபி. பக்கத்துல உக்காந்தாலே மனசு அடங்குது."

அத்தோடு விட்டாளா? தன் வாயாடி மகளையும் அடுத்த மாதம் எங்களோடு அனுப்பி வைக்கிறேன் என்றாள். சுற்றி நின்றவர்கள் என்னைக் கும்பிடாத குறை. நான் சிரித்தபடி நின்றேன். என்னிடம் பக்குவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கம்பளிப் போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. இந்தக் கும்பிடு இன்னும் கொஞ்ச நாள் தொடர்ந்தால் நானே அதை நம்பிவிடுவேன் என்று பயம் வந்தது.

அடுத்த தடவை போனபோது டாக்டரிடம் நேராகச் சொன்னேன், மாத்திரை போதும் என்று.

டாக்டருக்கு என் அப்பா வயது இருக்கும். எப்போதும் தூக்கம், பசி இரண்டையும் விசாரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். அன்றைக்கும் விசாரித்தார். பிறகு, "வேண்டாம் டீச்சர். ஒங்களுக்கு இது ரெண்டாவது தடவை. இன்னும் ஒரு வருஷமாவது போகணும். அதுவும் மழை வர்ற நேரம்" என்றார்.

என் கணவர் எனக்காகப் பேசினார். "கோவமே வர மாட்டேங்குது டாக்டர். இவ திட்டி ஒரு வருஷம் ஆச்சு."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "சம்சாரத்துக்குக் கோவம் ஜாஸ்தி, கொறைக்க மாத்திரை குடுங்கன்னுதான் சார் எல்லாரும் வர்றாங்க. நீங்க வேணும்னு வந்திருக்கீங்க!"

சிரித்து முடித்து, என்னை விட்டுவிட்டு என் கணவரிடமே விளக்க ஆரம்பித்தார். நிறுத்தினால் இவுங்களுக்கு என்ன ஆகும், இவுங்களை எப்படிக் கவனிக்க வேண்டும், இவுங்க மறைத்தால் எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும். என் கணவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்னவோ பழுதுபார்க்க வந்த மிக்ஸி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. "மாத்திரைய முழுங்குறது யாரு? அவரா, நானா? எதிர்ல குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், இவுங்க இவுங்கன்னு அவருகிட்ட பேசுறீங்க! என்னப் பாத்துப் பேசுங்க டாக்டர்!" என்று கத்தினேன். கீழே மருந்துக் கடையில் பேச்சு நின்றுவிட்டது.

என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் மகள் முதல் ரேங்க் வாங்கியபோதுகூட அவர் அப்படிப் பூரித்ததில்லை.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "தப்புதான் டீச்சர், மன்னிச்சுக்குங்க. காலைல மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்ப கோவம் எங்கயும் போயிடல. மாத்திர உள்ள இருக்கும்போதே வந்திருக்குதே."

விடுவேனா நான்? "எங்க ஊர்ல தேரே வருஷத்துக்கு ரெண்டு தடவ ஓடுது டாக்டர். என் கோவம் ஒரு தடவ வந்தாப் போதுமா?" என்றேன்.

மறுபடி சிரித்தார். ஆனால் மேலே அவர் கேட்டது சிரிக்கும் விஷயம் இல்லை. "தை பொறந்ததும் கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கலாம். நிறுத்துறதப் பத்தி அப்புறம் பாக்கலாம். ஆனா அது திரும்ப வந்தா எனக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றார் என் கணவர்.

"நானே சொல்லுவேன்" என்றேன்.

"போன தடவ சொல்லலியே. நல்லா இருக்கேன்னுதான சொன்னீங்க?"

சுருக்கென்றது. உண்மைதானே. அந்த நோய் வந்ததும் முதலில் அடைத்துப்போவது அதைச் சொல்ல வேண்டிய வாய்தான். எப்போது வருகிறதென்று நான் சொல்லாவிட்டால், வாழ்நாள் முழுக்க யாராவது என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டும். "நானே சொல்லுவேன்" என்று மறுபடி சொன்னேன். என்னால் முடியுமா என்று எனக்கே தெரியாது.

தை மாதம் குறைக்க ஆரம்பித்தோம். என் கணவர் சவர பிளேடால் மாத்திரையை இரண்டாக வெட்டுவார். ஒரு பாதி பெரிதாகிவிட்டால் நொந்துகொள்வார். முதலில் தலை கிறுகிறுத்தது, பிறகு சரியானது. பங்குனியில் மீன்காரம்மாவிடம் அரை மணி நேரம் பேரம் பேசினேன். சித்திரையில் நாத்தனாரிடம் வாய்ச்சண்டை போட்டேன். அவள் கண்ணீரோடு அண்ணனிடம் போய், "அண்ணிக்கு வயித்துவலி திரும்பிடிச்சு, இன்னொரு தடவ திருவதிகைக்குக் கூட்டிட்டுப் போ" என்றாளாம். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நானும் அவரும் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

ஆவணியில் ஒரு நாள் பத்தாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் கை கனத்தது. பிள்ளைகளின் குரல் தூரத்திலிருந்து கேட்டது. கணக்கு தெரிந்தது, அடுத்த வரியை எழுதத்தான் எதற்கு என்று இருந்தது. எனக்கு அது தெரிந்த விருந்தாளி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெறும் அசதி என்று சொல்லத் தயாராகிவிட்டேன். வாயில் வந்தேவிட்டது.

பிள்ளைகளைக் கணக்கை எழுதச் சொல்லிவிட்டு, வராந்தாவில் நின்று செல்போனில் டாக்டரைக் கூப்பிட்டேன்.

"டாக்டர், வருது" என்றேன்.

"இன்னிக்கே வந்துடுங்க டீச்சர்" என்றார்.

என் கணவர் வங்கியில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். மஞ்சக்குப்பம் மாடிப்படியில் ஏறும்போது, அப்பவே சொன்னேனே என்பார் டாக்டர், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. தூக்கம், பசி கேட்டார். பழைய அளவை எழுதினார். சீட்டை நீட்டும்போது, "சொல்லுவேன்னீங்க, சொல்லிட்டீங்க. அடுத்த தடவ எப்பக் கொறைக்கலாம்னு நீங்க சொல்லுங்க, அப்பப் பாப்போம்" என்றார். கும்பிட்டுவிட்டு இறங்கினேன். அந்த மனிதர்மேல் அப்போது எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

சிதம்பரம் பஸ்ஸில் என் கணவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"எங்கிட்ட ஏன் மொதல்ல சொல்லல?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க அழுவீங்க" என்றேன் சூடாக. "அவருகிட்ட சொன்னா மாத்திர எழுதுவாரு."

"அழுதா என்னா? அழுதுகிட்டே உங்கூட வந்திருப்பேன்ல?"

எத்தனையோ வருடமாக எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன் அவரோடு. அவர் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.