கூடைக் கயிற்றுக்கு அடியில் விளக்கெண்ணெய்

மலையில் குடியேறுகிறவர்களுக்கு முதலில் பிடிபடாமல் போவது எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் இங்கே புட்டிக்குள்ளேயே வெள்ளைக் கல்லாகிவிடும். காலையில் ஈர்க்குச்சியால் குத்தித் தோண்ட வேண்டும். விளக்கெண்ணெய் அப்படி உறையாது. ஆனால் நகரவும் நகராது. புட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன ஜெபத்தைச் சொல்லி முடித்தால், ஒரு சொட்டு வாய்வரை வந்து நின்று யோசிக்கும். விளாத்திகுளத்துக்குத் தெற்கே எங்கள் கரிசல் ஊரில் இதே எண்ணெய் கையில் ஊற்றும்போதே விரலிடுக்கில் ஒழுகி முழங்கைக்கு ஓடும். அங்கே முடி கொட்டினால் விளக்கெண்ணெய், பொடுகு வந்தால் விளக்கெண்ணெய், கண் எரிந்தால் உச்சியில் ஒரு கை விளக்கெண்ணெய். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. அந்த நம்பிக்கையை நானும் வேதப்புத்தகத்தோடும் கம்பளியோடும் போடிமெட்டு வழியாகச் சூரியநெல்லிக்குத் தூக்கி வந்தேன். தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. வெயிலுக்கென்று ஏற்பட்ட வைத்தியத்தை மூடுபனியில் செய்தது என் முதல் தவறு. அந்தத் தவறு மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எஸ்தர் என் அண்ணன் மகள். அண்ணனும் மதினியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் சிறு பெண்ணாக அவளை மேலே அழைத்து வந்தேன். எனக்குக் குடும்பம் இல்லை. எட்டாம் வகுப்பு வரை நானே படிப்பித்தேன். நல்ல கையெழுத்து, கணக்கில் என்னைவிட வேகம். அவளைக் கீழே அனுப்பி ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ப்பதாக அவளிடமும் சபையாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் எனக்கு ஓய்வுக் காலம் வந்துவிட்டது. எங்கள் எஸ்டேட்டில் வீடு வேலையோடு ஒட்டியது. தொழிலாளர் லயத்தின் கடைசியில் இருந்த அந்த ஓட்டு வீட்டில் நான் தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால், வீட்டிலிருந்து ஒருவர் பேர் பதிந்து வேலைக்குப் போக வேண்டும். ஊரில் எனக்குக் கூரை கிடையாது. அங்கே போனால் எந்த வீட்டிலும் நான் விருந்தாளி. அதுவும் எத்தனை நாளைக்கு விருந்தாளி என்ற பயம். எஸ்தரின் பேரைப் பதிந்துவிட்டு வந்து, "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றேன். மறுநாள் அவள் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள்.

கூடையின் பாரம் முதுகில் இருந்தாலும் அதைத் தாங்குவது தலைதான். கயிறு உச்சிக்குச் சற்று முன்னால் பதிந்து, பாரம் கூடக்கூடப் பின்னுக்கு இழுக்கும். பெண்கள் அடியில் துணியை மடித்து வைத்துக்கொள்வார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எஸ்தரின் வகிட்டுக்குக் குறுக்கே இன்னொரு வகிடு விழுந்திருந்தது. அதைக் கண்ட நாள் முதல் எனக்கு நிம்மதி போயிற்று. காலையில் அவள் வேலைக்குப் போனதும் சீப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். சனிக்கிழமைகளில் விளக்கெண்ணெயை அடுப்போரம் காய்ச்சி நானே தேய்த்துவிட்டேன். சீயக்காய் போட்டும் பிசுக்கு இறங்காது; நனைந்த தலை ஞாயிறு ஆராதனை வரை காயாது. அதுவும் போதவில்லை என்று, தினமும் வேலைக்குக் கிளம்புமுன் கயிறு பதியும் இடத்தில் ஒரு விரல் எண்ணெய் வைத்து அனுப்பினேன். கயிறு வழுக்கினால் முடி அறுபடாது என்பது என் கணக்கு.

"என்ன சித்தப்பா, தலைக்கு வைக்கீகளா, வண்டிச் சக்கரத்துக்கு வைக்கீகளா?" என்று எஸ்தர் சிரிப்பாள்.

பக்கத்து வீட்டு ஞானம்மா அவளோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவள். வாசலில் நின்று கூப்பிடும்போதே கேலி தொடங்கிவிடும். "ஏட்டி எஸ்தரு, அப்பளம் இருந்தா எடுத்துட்டு வா. ஒன் தலையிலயே பொரிச்சுத் திம்போம்."

சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. தேயிலைத் தூசியும் பனி ஈரமும் எண்ணெயில் ஒட்ட, கயிறு அதன்மேல் நாள் முழுக்க வழுக்கி வழுக்கித் தேய்க்க, ஊறிப்போன தோல் பொரிந்து கொப்புளம் கண்டது. அவளை எஸ்டேட் மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். கம்பவுண்டர் மலையாளி, நல்ல மனுஷன். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். விளக்கெண்ணெய் என்றதும் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஆவணக்கெண்ணயோ? எத்ர ஸ்பூன்?"

"ஸ்பூன் இல்லை. ஒரு கை."

"ஒரு கையோ! எத்ர தவண வயறு இளகி?"

"வயிற்றுக்கு இல்லை ஐயா, தலைக்கு."

அவர் சிரித்தார், எஸ்தரும் சிரித்தாள். அவர் ஊரில் அது பேதிக்குக் கொடுப்பது, அவ்வளவுதான். எஸ்தரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "மாஷே, இது எண்ணெயுட குற்றமில்லா. கயிறாணு. ரெண்டு மூணு மாசம் கூடை வேண்டா, எண்ணெயும் வேண்டா. முடி வரும். ஞான் ஆபீஸில் பறயட்டே?"

இந்த இடத்தை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன். ஆபீசில் சொன்னால், வேலைக்கு ஆள் வராத வீட்டை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லவில்லை. எஸ்தரிடம், களிம்பு போட்டால் சரியாகிவிடுமாம் என்றேன். களிம்பைப் போட்டேன், அது காய்ந்ததும் மறுபடி எண்ணெய் வைத்தேன். அப்போது கோவில்பட்டியிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. கல்யாணமாகிப் போய்விட்டால் பேரும் போகும், வீடும் போகும். முடி வளர வேண்டும் என்றுதான் தேய்த்தேன். தேய்த்த அதே கைக்கு, வளர்ந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. இரண்டும் பொய்யில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கே வந்துவிட்டார். கோயிலில் பெண்கள் முக்காடிட்டுத்தான் உட்காருவார்கள், அதுவரை பயமில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் பையிலிருந்து வாழைநாரில் கட்டிய பிச்சிப்பூவை எடுத்து, "வா தாயி, தலையச் சீவிப் பூ வைக்கேன்" என்றார். எங்கள் பக்கத்து வழக்கம். பெண் பிடித்துவிட்டது என்று வாயால் சொல்வதில்லை. தன் கையால் சீவிப் பூ வைப்பார்கள். இதை எப்படி மறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மலையில் பூவும் இல்லை, சீவிவிடும் மாமியார்களும் இல்லை, மறந்துதான் போயிருந்தேன்.

"காப்பி ஆறிருமே, முதல்ல குடிங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

எஸ்தர் முக்காட்டைத் தானே எடுத்துவிட்டு அவர் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள். அந்த அம்மாவின் கை உச்சியில் வந்து நின்றது. பூவை மடியில் வைத்துவிட்டுப் புண்ணைச் சுற்றி விரலால் மெள்ளத் தடவினார்.

"இது என்ன தாயி?"

"கூடைக் கயிறு, அத்தை."

"எறக்கி வச்சிருக்கலாம்லா? இப்பிடிப் புண்ணாகிற வரைக்கும் தூக்கணுமா?"

"சித்தப்பாவுக்கு வீடு வேணும்லா."

வெறுப்பில்லாமல், உப்பு வேண்டும் என்பது போலச் சொன்னாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பித் திட்டியிருந்தால் தேவலை. "புண்ணு ஆறட்டும். கூடையத் தூக்காம இரு. நானே திரும்ப வந்து பூ வைக்கேன்" என்று எஸ்தரிடம் மட்டும் சொல்லிவிட்டு, பிச்சிப்பூவை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அது சம்மதமா, நாகரிகமாகச் சொன்ன மறுப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் போனபின் எஸ்தர் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே, "கம்பவுண்டர் அடுத்த வாரமே என்னைப் பாத்துக் கேட்டாரு சித்தப்பா, சித்தப்பா ஆபீசுல சொன்னாரான்னு" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"சொல்லியாச்சுன்னேன்."

மறுநாள் காலை ஆபீசுக்குப் போய் அவள் பேரை எடுக்கச் சொன்னேன். வீட்டைக் காலி செய்யச் சில வாரம் தந்தார்கள். எங்கள் சாமான் ஒரு வண்டியைக்கூட நிரப்பவில்லை.

எஸ்தரை விளாத்திகுளத்துப் பக்கம் அவளுடைய பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். எனக்குச் சின்னக்கானலில் கோயிலை ஒட்டி உபதேசியார் தங்கும் அறையில் பாதி கிடைத்தது. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். மாநிலங்களைப் பிரித்தபோது இந்த மலை மலையாளப் பக்கம் போயிற்று. ஊர் தமிழ்ப் பக்கம் நின்றுவிட்டது. இங்கே மலையாளிகளுக்கு நான் பாண்டிக்காரன். ஊரில் மலைக்காரன். கடையில் அரிசி வாங்கும்போது எந்தப் பாஷையில் கேட்பது என்று ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் கேட்கிறேன்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். புண் ஆறியிருக்கிறது. ஓரங்களில் குழந்தைக்கு முளைப்பதுபோலப் பூமுடி வந்திருக்கிறது. நடுவில் இன்னும் பளபளப்பாகவே கிடக்கிறது. கோவில்பட்டியிலிருந்து யாரும் வரவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முடியைத் தொட்டுப் பார்க்க என் கை போயிற்று, எடுத்துக்கொண்டேன். அவளே தலையைக் குனிந்து காட்டினாள்.

திரும்பும்போது பஸ் ரோடு வரை கூட வந்தாள். ஏற்றமோ இறக்கமோ இல்லாத தட்டைக் கரிசல். அவள் முன்னால் நடந்தாள், கழுத்தை முன்னுக்கு நீட்டி, முதுகில் பாரம் இருப்பதுபோல. வயல்வெளியில் நின்ற பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். அந்த நடையை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டே வருகையில் அவள் திரும்பி நின்றாள்.

"என்ன சித்தப்பா, முழங்காலை மடக்கி மடக்கி வாறீக? இங்க ஏத்தம் இல்லையே."