இன்வர்டோரனின் ஞாயிற்றுக்கிழமைப் பாதை

எங்கள் ஊர் இன்வர்டோரனில் நடப்பதற்கு நாலு பாதைகள் உண்டு. அருவிக்கு ஒன்று, குன்றுக்கு ஒன்று, ஏரியைச் சுற்றி ஒன்று, டோரன் ஆற்றங்கரையோடு பழைய கல்லறைத் தோட்டத்துக்கு ஒன்று. நாலுக்கும் கம்பம் நட்டு, வர்ணம் பூசி, எவ்வளவு நேரம் ஆகும் என்று சுற்றுலாத் தாளுக்கு எழுதிக் கொடுத்தவள் டோலினா மேத்தசன். தன் கால் கணக்கில் எழுதிவிட்டாள். அருவிக்குப் போய்வர ஒன்றரை மணி என்று தாளில் இருக்கும். வெளியூர்க்காரர்கள் மூன்று மணி நேரம் கழித்து என் கறிக்கடை வாசலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவளிடம் சொன்னால், "நான் என்ன பண்ணட்டும் யூவன், அவங்க நின்னு நின்னு பாக்குறாங்க" என்பாள்.

டோலினா பள்ளிக்கூடச் சமையற்காரி. தீவிலிருந்து அண்ணன் ஃபார்க்கரோடு சின்ன வயதிலேயே இங்கே வந்தவள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவர் எங்கள் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர். ஆலயத்தில் சங்கீதப் பாட்டை முதலில் பாடி எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். நல்ல குரல், சிரிக்காத முகம். என் மனைவி இறந்த பிறகு ஞாயிறு மத்தியானச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான்.

எங்கள் சபையில் ஞாயிறு ஓய்வுநாள் என்றால் ஓய்வுநாள். உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே உரித்துத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். கொடியில் துணி காயக் கூடாது. பூங்காவில் பிள்ளைகளின் ஊஞ்சலைச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவோம். ஆசைக்காகக் காலாற நடப்பது பாவம். ஆனால் இறந்தவர்களைப் பார்க்கப் போகிறவனை யாரும் குறை சொல்ல முடியாது. ஆகவே ஞாயிறு இரண்டு மணிக்குச் சாப்பாடு முடிந்ததும் ஊரே கையில் பூவோடு ஆற்றங்கரையில் இறங்கும். பூவையும் சனிக்கிழமை சாயங்காலமே பறித்து வைத்திருப்போம், ஞாயிறன்று பறித்தால் அது வேலை.

அந்தத் தோட்டத்தில் ஆள் புதைத்து எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. அங்கே சொந்தக்காரர்கள் கிடப்பது மூன்றே மூன்று குடும்பங்களுக்குத்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு கல்லறையைப் பார்த்து வைத்துக்கொண்டோம். நான் ஒரு கப்பல் தலைவரை எடுத்துக்கொண்டேன், பக்கத்தில் உட்கார நல்ல கல் இருந்தது. டோலினாவுக்கு ஹெக்டர் மன்ரோ என்று ஒரு தச்சர். ஃபார்க்கர் வேதாகமத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கறுப்புத் தொப்பியோடு, தங்கையைத் தனியே விடக் கூடாது என்பதுபோலப் பத்தடி பின்னால் வருவார். முப்பத்தொரு வருஷம் அப்படி வந்தார். யார் கல்லறைக்கு என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அது எங்கள் மரியாதை.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆற்றங்கரைப் பெரிய வீட்டைத் தெற்கத்திக்காரர் ஒருவர் வாங்கி விடுதியாக்கினார். வந்த மாதமே பாதையில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார். ஊர் கொதித்தது. குழு அமைத்தோம், வக்கீல் வைத்தோம். வக்கீல் சின்ன வயசுக்காரர், ஆனால் விஷயம் தெரிந்தவர். பொதுமக்கள் இருபது வருஷம் விடாமல் நடந்ததை நிரூபித்தால் அது பொதுப்பாதை, பூட்ட முடியாது என்றார். எதற்காக நடந்தீர்கள் என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தார். நாற்பத்துமூன்று பேர் எழுதிக் கொடுத்தோம். நாற்பத்துமூன்றிலும் ஒரே பதில்: கல்லறைக்குப் பூ வைக்க.

இதைவிட முட்டாள்தனமாக எந்த ஊரும் தன் காலிலேயே வெட்டிக்கொண்டதில்லை. மாவட்ட ஷெரிஃப் நீதிமன்றத்தில் விடுதிக்காரரின் வக்கீல் எழுந்தார். கையில் கல்லறைப் பதிவேட்டின் நகல். மூன்று குடும்பங்களின் பெயரைப் படித்தார். "கனம் நீதிபதி அவர்களே, இந்த மூணு குடும்பத்துக்கும் ஆளுக்கொரு சாவி கொடுத்துடுறோம். சொந்தக் கல்லறைக்குப் போறது அவங்க சொந்த உரிமை. இதுல பொதுமக்கள் எங்க வந்தாங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

இடைவேளையில் எங்கள் வக்கீல் எங்களை வராந்தாவில் கூட்டினார்.

"அங்க சொந்தக்காரங்க யாரும் இல்லாத ஒருத்தராவது கூண்டுல ஏறி, சும்மா நடக்கத்தான் போனோம்னு சொல்லணும். இல்லன்னா பாதை போச்சு."

எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தோம். உள்ளே கடைசி பெஞ்சில் போதகரும் ஆறு மூப்பர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபார்க்கர். அடுத்த மாதம் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து. அதற்கு முந்தின நாள் மூப்பர்கள் தரும் ஈய வில்லை கையில் இல்லாதவர் மேசைக்கு வர முடியாது. ஓய்வுநாளை மீறினேன் என்று சத்தியம் செய்து சொல்கிறவருக்கு வில்லை ஏது? டோலினாவுக்கு அந்த மேசையைவிடப் பெரியது எதுவும் கிடையாது. அது எனக்குத் தெரியும்.

"நான் சொல்றேன்" என்றாள் அவள்.

கூண்டில் ஏறியவளிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "ஹெக்டர் மன்ரோ உங்களுக்கு என்ன உறவும்மா?"

"யாரோ. எனக்குத் தெரியாது."

"அப்போ பூ?"

"கைய வீசிக்கிட்டுப் போனா நல்லா இருக்காதேன்னு கொண்டுபோனேன்."

"பின்ன எதுக்குத்தான் போனீங்க?"

"ஆத்தைப் பாக்க. எனக்குப் பிடிக்கும். முப்பத்தொரு வருஷமா அதுக்குத்தான் போறேன்."

"மத்தவங்க?"

"அவங்களையே கேளுங்க. ஆனா மழை பெய்யுற ஞாயித்துக்கிழமை ஒருத்தருக்கும் செத்தவங்க ஞாபகம் வர்றதில்ல."

நீதிபதி கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். கடைசி பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எழுந்து நானும் அப்படித்தான் என்று சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். கப்பல் தலைவர் என் தொண்டையில் சிக்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் ஒருத்தியின் சாட்சியம் போதும் என்றார் நீதிபதி. கதவு கழற்றப்பட்டது.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எங்கள் வரிசைக்கு வில்லை கொடுக்க வந்தவர் ஃபார்க்கர். மூப்பர்கள் கூடி முடிவெடுத்திருந்தார்கள், அந்த முடிவுக்கு அவரும் கை தூக்கியிருந்தார். தங்கை முன்னால் வந்தபோது அவர் கை நிற்காமல் அவளைத் தாண்டிப் போனது. அடுத்து நான். என் உள்ளங்கையில் வில்லை விழுந்தது. உண்மை சொன்னவளுக்கு இல்லை, பூவைக் காட்டிப் பொய் எழுதியவனுக்கு இருந்தது. டோலினா குனிந்து கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. பாதை திறந்து கிடந்தது, ஞாயிறன்று ஒருவரும் போகவில்லை. எதற்குப் போகிறோம் என்பது நீதிமன்றத் தாளிலேயே ஏறிவிட்டது, இனி எந்தப் பூவைக் கொண்டுபோய் யாரை ஏமாற்றுவது? சொந்தக் கல்லறை உள்ள மூன்று குடும்பங்களும்கூட வாரநாளில் போய்வந்தார்கள். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்று தபால் நிலையத்தில் அவள் காதுபடவே பேசினார்கள். பாதையைக் காப்பாற்றியதற்காக யாரும் அவளுக்கு நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஞாயிறு இரண்டு மணிக்கு இப்போது அங்கே வெளியூர்க்காரர்கள் நடக்கிறார்கள், நடுவில் டோலினா ஒருத்தி. ஃபார்க்கர் போவதில்லை. மூப்பர் எப்படிப் போவார்?

அண்ணனும் தங்கையும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. உப்பை எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான். இப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் சாப்பிட்டுவிட்டு நானும் ஃபார்க்கரும் ஆளுக்கொரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தோம். நாலு மணிக்கு டோலினா திரும்பி வந்து, கோட்டைக் கழற்றிவிட்டுக் கெட்டிலை வைத்தாள். ஃபார்க்கர் கணப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆத்துல தண்ணி எப்படி?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நெறைய. பனி உருகி வருது. தட்டைப்பாறை மூழ்கிப்போச்சு."

"ம். கதவு இருந்த இடத்துலேர்ந்து சொல்லு."

அவள் அவருக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். பிர்ச் மரங்கள் துளிர்த்துவிட்டன, வேலி ஓரம் நீலமணிப் பூ வந்துவிட்டது, நாரை ஒன்று வளைவில் நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஃபார்க்கர் கண்ணை மூடிக்கொண்டார். பிரசங்கம் கேட்கும்போதும் அப்படித்தான் மூடிக்கொள்வார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் அண்ணே, காதால நடந்தா பாவத்துல சேராதா?"

"நீ சும்மா இரு யூவன்."

டோலினா அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் வேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். "பாலத்தைத் தாண்டி வலதுபக்கம் திரும்பினா..."

ஃபார்க்கர் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"மெதுவாப் போ டோலி. நான் இன்னும் பாலத்துக்கே வரல."