அதிபருக்கு மட்டும் கையசைப்பவள்

இடது கையில் படம் ஒட்டிய பலகை, கன்னத்துக்குள் பாக்கு, வலது கை காற்றில். மாலை நான்கு மணிக்கு மெரிசோ ஊர் வளைவில் எங்கிராசியா கினாட்டா இப்படி நின்றுவிட்டால், குவாம் தீவில் தேர்தல் மாதம் பிறந்துவிட்டது என்று அர்த்தம். போகிற வருகிற கார்கள் ஹாரன் அடிக்கின்றன. அவள் பதிலுக்கு, அமெரிக்க அதிபராகத் துடிக்கும் மனிதரின் படத்தை ஆட்டுகிறாள். ஹாரன் அடிக்காமல் போகிற காரைப் பெயர் சொல்லித் திட்டுகிறாள். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் எந்தக் கார் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சாலையின் எதிர்ப்பக்கத்தில் அவளுடைய சித்தப்பா மகன் இசித்ரோ நிற்கிறான். மேயர் பதவிக்குப் போட்டியிடுகிறான். தன் படத்தைத் தானே தூக்கிப் பிடித்து, சிரித்துச் சிரித்து வாய் வலி கண்டவன்.

"அக்கா, ஒரு பத்து நிமிஷம் இந்தப் பக்கம் வந்து நில்லேன். கூட்டமாத் தெரியும்."

"போடா. உன்னை எதிர்த்து நிக்கிறவன் என் நாத்தனார் மகன். உனக்குக் கையாட்டினா, அவன் வீட்டுக் கல்யாணத்துல எனக்கு எலும்புத் துண்டுதான் விழும்."

அவள் சொல்வதில் தப்பில்லை. மேயருக்கு நிற்பவர்கள் இருவரும் உறவு. தீவின் சட்டமன்றத்துக்கு நிற்பவர்களில் ஒருவன் அவள் கையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, ஒருத்தி செத்துப்போன புருஷனின் அண்ணன் மகள், இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சு. யாரைப் பற்றி வாயைத் திறந்தாலும் ஏதோ ஒரு விருந்தில் இலை கிடைக்காது. "அதிபர் ஒருத்தர்தான் எனக்கு ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. அந்த ஆளைப் பத்தின்னா வாய் நெறையப் பேசலாம்" என்பாள். பேசவும் செய்கிறாள். வீட்டு வாசலில் மேசை போட்டு எம்பனாடா என்கிற கறி சோமாசும் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்புப் பொட்டலமும் விற்பவள் அவள். தேர்தல் மாதத்தில் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சொற்பொழிவு இலவசம். எதிர்த்து நிற்கும் மற்றவருக்கு ஓட்டு என்று யாராவது உளறினால், உளறியவருக்குப் புழு தின்ற வெற்றிலையாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். குவாம் அமெரிக்காவின் கையில் இருந்தாலும் மாநிலம் இல்லை; இங்கே அதிபருக்குப் போடுகிற ஓட்டு எங்கும் போய்ச் சேராது. சீட்டு உண்டு, பெயர்கள் உண்டு, பெட்டி உண்டு. எண்ணுகிறார்கள், வானொலியில் அறிவிக்கிறார்கள். அமெரிக்கக் கொடியின் கீழ் ஓட்டுப் போடும் ஊர்களிலேயே முதலில் விடிவது இங்கேதான் என்பதால் முடிவும் இங்கேதான் முதலில் வருகிறது. அத்தோடு சரி. ஆசைக்கு ஒரு ஓட்டு. அமெரிக்கத் தலைநகரத்துச் சபையில் தீவுக்கென்று ஓர் ஆள் உண்டு. அவர் பேசலாம். ஆனால் சட்டத்தை நிறைவேற்றும் ஓட்டெடுப்பு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எங்கிராசியா அவரை "நம்ம வீட்டு மாப்பிள்ளை" என்கிறாள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, கேட்பாரும் இல்லை.

முன்பெல்லாம் இது அவளுக்கு வெறும் பொழுதுபோக்குத்தான். இந்த ஆண்டு அப்படியில்லை. கடைக்குட்டி ரோக்கே ராணுவத்தில் இருக்கிறான். ஜனவரியில் அவனை ஏதோ பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போது திரும்புவான் என்பது அதிபர் போடும் கையெழுத்தில் இருக்கிறது. அந்த அதிபரைத் தேர்ந்தெடுக்க அவனுக்கும் ஓட்டு இல்லை, பெற்றவளுக்கும் இல்லை.

"சண்டைக்குப் போடான்னு சொல்ற ஆளை, போறவன் தேர்ந்தெடுக்கக் கூடாதாம். நல்ல நியாயம்டா சாமி" என்று சொல்லிவிட்டு எச்சில் தகரத்தில் சிவப்பாகத் துப்புவாள். அவளுடைய ஆள் ஜெயித்தால் ரோக்கே கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுவான் என்று உறுதியாக நம்புகிறாள். அதைப் பற்றி யாரும் அவளிடம் வாதாடுவதில்லை. கிறிஸ்துமஸ் என்று சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும்.

வீட்டில் செல்லுபடியாகும் ஓட்டு ஒன்றே ஒன்றுதான். அது லாஸ் வேகஸில் இருக்கும் மகள் டீட்டாவிடம் இருக்கிறது. மாநில மண்ணில் குடியேறியதும் கிடைத்தது. சூதாட்ட விடுதி ஒன்றில் சீட்டு போடும் வேலை. பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை.

எங்கிராசியாவுக்கும் ஒருமுறை நல்ல ஓட்டு வாய்த்தது. நான்கு வருஷத்துக்கு முன் சூறாவளி வந்து கூரையைப் பிடுங்கிக்கொண்டு போனபோது, மகள் வீட்டில் போய் ஒண்டினாள். அங்கே பெயரைப் பதிந்து, அறுபத்துநாலு வயதில் முதல் அசல் ஓட்டு. அன்று அவள் விடியும் முன்பே எழுந்து சிவப்புச் சோறு ஆக்கி, விலா எலும்பு சுட்டு, மடக்குக் கூடாரத்தோடு காரில் ஏற்றிப்போய், பள்ளிக்கூட வாசலில் ஓட்டுப்போட நின்றவர்களுக்கு எதிரே பந்தி விரித்தாள். தேர்தலென்றால் மெரிசோவில் அப்படித்தான். வாசலில் வரிசையாகக் கூடாரங்கள், எல்லாக் கட்சிச் சோறும் ருசி பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் உள்ளே போவார்கள். லாஸ் வேகஸில் ஓர் அதிகாரி ஓடி வந்தார்.

"அம்மா, இங்க சாப்பாடெல்லாம் குடுக்கக் கூடாது. எடுங்க, எடுங்க."

"பசியோட எப்படிப்பா யோசிச்சு ஓட்டுப் போடுவாங்க?"

டீட்டா வெட்கம் தாங்காமல் காரைவிட்டு இறங்கவே இல்லை. எங்கிராசியா உள்ளே போய் நான்கே நிமிஷத்தில் வெளியே வந்தாள். யார் மகள் நீ என்று ஒருவரும் கேட்கவில்லை. "சாவு வீடுகூட அதைவிடக் கலகலப்பா இருக்கும்" என்று இன்றைக்கும் சொல்கிறாள். கூரை வேய்ந்து முடிந்த செய்தி வந்த வாரமே ஊர் திரும்பிவிட்டாள். விமானம் ஏறியதும் ஓட்டு போயிற்று.

இந்தத் தேர்தல் முடிந்த மறுநாள், புதன்கிழமை காலை. மெரிசோவில் அவளுடைய ஆள் நாற்பத்தொரு ஓட்டில் முந்தியிருந்தார். இசித்ரோ மேயராகிவிட்டான். மிஞ்சிய விலா எலும்புத் தட்டோடு அக்கா வீட்டுக்கு வந்தான். அவள் அடுப்படியில் போனும் கையுமாக நின்றிருந்தாள். மகள் பேசுவது வாசல் வரை கேட்டது. லாஸ் வேகஸில் அப்போதுதான் செவ்வாய் மத்தியானம். சாவடி மூட இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது.

"வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குதாம்மா. அஞ்சு மணிக்கு எனக்கு வேலை. என் ஒரு ஓட்டுல என்ன கவுந்துடப் போகுது?"

"உன் தம்பி மணல்ல கெடக்கான்டி."

"அவ்வளவு அக்கறைன்னா நீயே இங்க இருந்திருக்கலாமே? அசல் ஓட்டு கையில இருந்துச்சு. பேசறதுக்கு ஆள் இல்லைன்னு விட்டுட்டு ஓடினவதானே நீ?"

எங்கிராசியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. மகள் சொன்னது உண்மை என்பதுதான் காரணம்.

டீட்டாவின் குரல் கொஞ்சம் தணிந்தது. "இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் போனாலும் உன் ஆளுக்குப் போடமாட்டேன். தம்பியைத் திருப்பிக் கூட்டிட்டு வருவார்னு நான் நம்பறது மத்தவரைத்தான்."

"அந்த மூஞ்சிக்கா போடுவ?"

"அந்த மூஞ்சிக்குத்தான்."

இசித்ரோ தட்டை மேசையில் வைத்துவிட்டு, வெடிக்கப் போகிறதென்று ஒதுங்கி நின்றான். ஒரு மாதம் முழுக்க நடுரோட்டில் நின்று அந்த மூஞ்சியை இவள் சபித்ததை அவன் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறான். எங்கிராசியா கண்ணை மூடித் திறந்தாள்.

"சரி. அந்த மூஞ்சிக்கே போடு. இப்பவே கெளம்பு. போனை வெக்காத."

நீண்ட பெருமூச்சு. பிறகு சாவிக்கொத்துச் சத்தம், கார்க் கதவுச் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் காற்றிரைச்சலும், முன்பின் தெரியாத யாரோ இருமுவதும் போனில் கேட்டன.

"வரிசைக்கு வந்துட்டேன். போதுமா?"

"எத்தனை பேர் முன்னாடி?"

"எழுபது எண்பது பேர் இருப்பாங்க."

இசித்ரோ நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருக்கா. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்."

அவள் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "வரிசையில எவனாவது உக்காருவானா?" என்று அவனை அதட்டிவிட்டுப் போனுக்குள் கேட்டாள், "நகருதா?"

"ஓரடி நகர்ந்துச்சும்மா."

எங்கிராசியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அடுப்படித் தரையில் ஓரடி முன்னால் வந்து நின்றாள்.