கேட்காமல் எழுதிய வரி

பாளையங்கோட்டையில் நான் மனநல மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, உவரியிலிருந்து ஒரு மீனவரை அவர் மனைவி அழைத்துவந்தார். முப்பத்திரண்டு வயது. கூட வேலை செய்கிறவர்களே தன்னைக் கடலில் தள்ளப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். படகு எஞ்சின் சத்தத்துக்குள் அவர்கள் பேசிக்கொள்வது கேட்கிறதாம். நான்கு நாளாகத் தூக்கமில்லை.

"குடிப்பாரா? வேற பழக்கம் ஏதாவது?" மனைவியிடம்தான் கேட்டேன்.

"அவிய பீடிகூடத் தொட மாட்டாவ டாக்டரம்மா."

வெளியே வரிசை நீண்டிருந்தது. 'போதைப் பழக்கம் இல்லை என்கிறார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதவில்லை. நோயின் பெயர் மனச்சிதைவு என்று போட்டேன்.

ஒரே வாரத்தில் தெளிந்துவிட்டார். என் மாத்திரையின் கைங்கரியம் என்று பெருமைப்பட்டேன்.

மாதம் தவறாமல் மனைவியோடு வந்துபோனார். ஒரு வருடம் கழித்து ஒருநாள் தனியாக வந்தார். மாத்திரையால் வந்த கை நடுக்கத்தில் சீட்டை நீட்டவே சிரமப்பட்டார்.

"இந்தக் கைய வச்சு வலை இழுக்க முடியல. கிறுக்கன்னு எந்தப் படகுலயும் ஏத்த மாட்டேங்காவ. வீட்டுக்காரிதான் மீன் சுமந்து விக்கா."

அன்றுதான் கேட்டேன். "சீக்கு வந்த சமயத்துல கடல்ல போதைக்கு ஏதாவது போட்டீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "தூக்கம் வராம வேலை செய்யலாம்னு ஒரு பொடி தந்தாவ. நாலு நாளு விடாம இழுத்தேன். அதுக்குப் பொறவு தொடல."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

மருந்தைப் பையப் பையக் குறைத்து, ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயமோ குரலோ திரும்பவில்லை. கை நடுக்கம் நின்றது. போதைப்பொருளால் வந்த மனநோய் என்று பெயரை மாற்றினேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில், 'புதிய தகவல் கிடைத்ததால்' என்று எழுதினேன். அது புதிய தகவலே இல்லை. ஒரு கேள்வி தூரத்தில் வருடம் முழுக்கக் கிடந்தது.

அவர் குணமாகிவிட்டார் என்று சான்றிதழும் கொடுத்தேன். அதைப் பார்த்தும் படகுக்காரர்கள் மசியவில்லை. ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கும் வேலைதான் கிடைத்தது. கடைசியாக வந்த அன்று, மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கண்டுபிடிக்கலன்னா இன்னும் மாத்திர தின்னுக்கிட்டே கெடப்பாவ. நல்லா இருப்பிய டாக்டரம்மா."

முதல் நாளே அவரிடம் கேட்காமல் விட்டதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். நான் சிரித்துத் தலையாட்டினேன்.