நெல் மேல் ஒரு பிரேக்

போன ஞாயிற்றுக்கிழமை தாழக்குடிக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவின் கஞ்சியைக் கவிழ்த்துவிட்டேன். மோட்டார் சைக்கிளால். அதுவும் ஏபிஎஸ் வைத்த புது மோட்டார் சைக்கிளால்!

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

மூன்று வருஷமாக என் மனைவி வசந்தா என் வண்டியில் ஏறுவதில்லை. காரணம் குளச்சல். அங்கே யாரோ ஒரு மீன்காரர், பெட்டியிலிருந்த ஐஸ் தண்ணீரை ரோட்டில் கொட்டிவிட்டார். ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். முன்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வசந்தா ஒரு பக்கம். அவளுக்கு மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் வண்டியில், அவள் பஸ்ஸில். மண்டபத்து வாசலில் நிற்பவர்கள் கேட்பார்கள்: "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?" அவமானமாக இருக்காதா?

அதனால்தான் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ் பிரேக் வண்டி வாங்கினேன். ஷோரூமில் டை கட்டிய ஒருவர், "பிடிச்சா பிடிச்ச இடத்துல நிக்கும் சார்" என்றார். நம்பினேன். ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான், பின்சக்கரத்துக்கும் வேண்டுமென்றால் விலை கூடுதலான மாடல் என்பதை பில் போட்ட பிறகுதான் சொன்னார். பிழைக்கத் தெரிந்த மனிதர்!

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, "ஏறுதியாட்டி? ஏபிஎஸ்ஸாக்கும்" என்றேன்.

வசந்தா ஒரு சுற்று சுற்றி வந்தாள். முன்சக்கரத்து டிஸ்க்கை உற்றுப் பார்த்தாள். "தட்டெல்லாம் ஓட்ட ஓட்டையா கெடக்கே... பழசத் தள்ளி விட்டுட்டானா அத்தான்?"

"அது அப்படித்தான் இருக்கும். ஏறு."

"ஒரு தடவ ஏறுதேன். ஆரல்வாய்மொழியில தம்பி வீடு வரைக்கும். அதுக்குள்ள எதாவது ஆச்சு... பெறகு சாவுற வரைக்கும் எனக்கு பஸ்ஸுதான்."

ஆக, மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரே ஒரு சான்ஸ்.

மெயின் ரோட்டில் கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் பேய் மாதிரி வருகின்றன. அதனால் தாழக்குடி வழியாக உள் ரோட்டில் போனேன். மாசி மாதம், கும்பப்பூ போக நெல் அறுவடை. பாதி ரோட்டில் நெல் காய்கிறது. ஓரத்தில் காவலுக்குக் கல் வரிசை. மீதிப் பாதியில் எதிரே ஒரு பஸ்!

நெல்லுக்கு முன்னாலேயே நின்றிருக்கலாம். நின்றேனா? இல்லை. பிடித்தால் நிற்கும் வண்டியாயிற்றே என்ற திமிர். கடைசி நொடியில் இரண்டு கற்களுக்கு நடுவே நெல்லுக்குள் விட்டு, இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன்.

வண்டி நிற்கவில்லை!

பிரேக் லீவர் கைக்குள் டக்-டக்-டக் என்று துடித்தது. சக்கரம் பூட்டப் போகிறது என்றால் ஏபிஎஸ் பிரேக்கை விட்டுவிடும், உடனே பிடிக்கும், மறுபடி விடும். தார் ரோட்டில், மழை ஈரத்தில் அது தங்கம். காலடியில் உருளுகிற நெல்லில்? விட்டு விட்டுப் பிடித்தே வண்டி போய்க்கொண்டிருந்தது. ஏபிஎஸ் இல்லாத பின்சக்கரம் மீன் வாலாக ஆடியது. அந்தக் கோடியில் காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மா ஒரே தாவலில் வரப்பில் ஏறிவிட்டார். அவருடைய கஞ்சித் தூக்குச்சட்டிக்குத் தாவத் தெரியவில்லை. அதை முட்டிக் கவிழ்த்துவிட்டு வண்டி நின்றது.

ஆனால் ஒன்று. வண்டி விழவில்லை! பழைய வண்டியாக இருந்தால் நாங்கள் இருவரும் நெல்லோடு நெல்லாகக் காய்ந்திருப்போம்.

திரும்பி, "ஒனக்கு ஒண்ணுமில்லியே?" என்றேன். ஒன்றுமில்லை என்று வசந்தா தலையாட்டினாள். அதற்குள் வரப்பிலிருந்து குரல் வந்தது.

"கண்ணு எங்க ஓய் இருக்கு ஒமக்கு? நெல்லு ஒமக்கு ரோடா?"

"ரோடு ஒனக்குக் களமா?" நானும் விடவில்லை.

"களம் இருந்தா நான் எதுக்கு இங்க நின்னு ஒம்ம மூஞ்சியப் பாக்கேன்? கட்டித் தாரும், அங்க கொண்டு போடுதேன்!"

அவர் சொன்னதில் என்ன தப்பு? ஊருக்கு ஒரு களம் கட்டித் தர வக்கில்லை; ரோட்டில் காயப்போடுகிறார் என்று அவரைத் திட்ட மட்டும் நமக்கு வாய் இருக்கிறது.

வசந்தா இறங்கி, தம்பி வீட்டுக்கு வாங்கியிருந்த நேந்திரங்காய் சிப்ஸ் முழுவதையும் அந்த அம்மாவிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் குனிந்து, சிதறிய நெல்லைக் கூட்டித் தள்ளினார்கள். "இவர்கூட எப்படிக்கா குடும்பம் நடத்துத?" என்று அந்த அம்மா கேட்டது எனக்கும் கேட்டது. இரண்டு பேரும் சிரித்ததும் கேட்டது.

சான்ஸ் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "வா, ஸ்டாப்புல விடுதேன். பஸ்ஸுல வா" என்றேன்.

"பஸ்ஸு எதுக்கு?" பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்!

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அன்னைக்கு கொளச்சல்ல நான் கையப் புடிச்சுக்கிட்டு தரையில கெடக்கேன். நீங்க எந்திரிச்ச ஒடனே நேர மீன்காரன் சட்டையப் புடிக்கப் போனிய. அவன்தான் என்னைத் தூக்கி விட்டான். இன்னைக்கு வண்டி நின்னதும் மொதல்ல என்னைப் பாத்திய."

"அப்போ... பிரேக்குக்குப் பயந்து இல்லியா?"

"பிரேக்கு பாவம், அது என்ன செய்யும்?"

மூன்று வருஷம்! அவ்வளவு நாளும் நான் பிரேக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஏபிஎஸ்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கொடுங்கள். விழாமல் காக்கும். ஆனால் நெல்லிலும் ஜல்லியிலும் அதை நம்பி வேகமாகப் போனால் நீங்கள் முட்டாள். என்னைப் போல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அன்று திரும்பிப் பார்த்தது திருந்திவிட்டதால் அல்ல. விழாததால். விழுந்தவனுக்குக் கோபம்தான் முந்தி வருகிறது. விழாமல் நின்றவனுக்குத் திரும்பிப் பார்க்க ஒரு நொடி கிடைக்கிறது.

அந்த ஒரு நொடிக்குத்தான் ஐயா காசு!