என் கோபத்தைக் குடித்த கஷாயம்

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் - சிவகிரி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். என் வாய்க்குப் பயந்தே படிக்கட்டில் யாரும் நிற்கமாட்டார்கள். டிரைவர் அண்ணாச்சியோடு தினமும் ஒரு சண்டை போட்டால்தான் எனக்குச் சாப்பாடே செரிக்கும்.

தலைசுற்றல் என்று போனபோது டாக்டர், ரத்தக்கொதிப்பு என்று மாத்திரை எழுதினார். வீட்டில் இருந்தவர்களுக்கு அது போதவில்லை. மேலநீலிதநல்லூர் நாட்டு வைத்தியர் தந்த சர்ப்பகந்தா வேரைக் கஷாயம் வைத்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் என் மனைவி கொடுத்தாள்.

"டாக்டர்ட்ட சொல்லிராதீய, ஏசுவாரு. வேருதானே, என்ன செஞ்சிரப் போவுது?" என்றாள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

கொஞ்ச நாளில் என் கோபம் போயே போச்சு. படிக்கட்டில் பத்துப் பேர் தொங்கினாலும் கேட்கமாட்டேன். "மருந்து நல்லா கேக்குது, மனுசன் பெட்டிப் பாம்பா அடங்கிட்டாரு" என்று வீட்டில் ஒரே சந்தோஷம். எனக்கோ சோறு மண்ணாக இருந்தது. விடிந்தாலே, எதற்கு இன்னும் இருக்கிறோம் என்றுதான் நினைப்பு வரும்.

ஒருநாள் கரிவலம்வந்தநல்லூர் தாண்டி பஸ் வேகமெடுத்தபோது படிக்கட்டில் நின்றிருந்தேன். கையை விட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், பயமே வரவில்லை. விரல்கள் தளர்ந்தன. அதற்குள் பஸ் மெல்ல ஓரங்கட்டி நின்றுவிட்டது. அண்ணாச்சி கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "நீரு என்னைய ஏசி ஒரு மாசமாச்சு வே. எனக்குப் பயமா இருக்கு. என்ன செய்யுது உமக்கு?"

அத்தனை பயணிகள் முன்னால் ஓவென்று அழுதேன்.

அன்றே டாக்டரிடம் இழுத்துப்போனார். "என்னவெல்லாம் திங்குதீரோ, எல்லாத்தையும் சொல்லும்" என்று அண்ணாச்சி அதட்டியதில் கஷாயத்தையும் சொன்னேன். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த மாத்திரையே சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுப்பதுதானாம்! ஒரே மருந்தை இரண்டு வழியில் விழுங்கியிருக்கிறேன். அளவு கூடினால் அது கொதிப்போடு மனசையும் சேர்த்து அமுக்கிவிடுமாம். இரண்டையும் நிறுத்தி வேறு மாத்திரை தந்தார்.

தெளிய மாதக்கணக்கில் ஆனது. ஒருநாள், "பிரேக்க இப்படியா அடிக்கது?" என்று அண்ணாச்சிமேல் எரிந்து விழுந்தேன். திரும்பிப் பார்த்து, "வந்துட்டீரா வே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அன்று கையை விட்டிருந்தால், "கோபமே தெரியாத நல்ல மனுசன், கால் தவறி விழுந்துட்டான்" என்றுதான் ஊர் பேசியிருக்கும்.